டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடித்த ராபர்ட் ஹூக்

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை



ஹூக் விதி என்றதும் நம் வகுப்பில் என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மார்க். மீட்சி எல்லைக்குள் தகைவு திரிபுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எழுதினோம், மார்க் வாங்கினோம், அடுத்த கேள்விக்குப் போனோம். அந்த ஹூக்கும் ஒரு மனுஷன், அவருக்கும் அப்பா செத்துப்போனார், அவருக்கும் சம்பள பாக்கி இருந்தது என்றெல்லாம் யார் நினைத்தோம்? நானும் நினைத்ததில்லை. போன கோடை லீவில் ஒரு கார் டிக்கி என் தாடையில் அடித்த பிறகுதான் நினைத்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் ஹூக் கதைக்குப் போனால் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கப்பா லாரி டிரைவர். பதினாலு வயசில் கிளீனராக வண்டி ஏறியவர். நாமக்கல் என்றால் பாடி கட்டுவது, திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி, சங்ககிரி என்றால் லாரி. இது நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. லீவில் சும்மா ஊர் சுத்தாதே என்று, தெரிந்த பட்டறை ஒன்றில் என்னைக் கொண்டுபோய் விட்டார். லாரி வேலைக்கே நேரம் போதாத பட்டறை அது. ஆனாலும் அந்த வாரம் ஒரு பழைய செடான் கார் வந்து நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடின வண்டி. டிக்கியைத் தூக்கினால் நிற்காது. ஓனர் ஒரு மூங்கில் குச்சியை முட்டுக் கொடுத்துச் சமாளித்து வந்தார். ஒருநாள் குச்சி சரிந்து, மூட்டை எடுக்கக் குனிந்தவர் தலையில் கதவு விழுந்து நாலு தையல்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்சீட்டுக்குப் பின்னால், டிக்கியின் அகலத்துக்குக் குறுக்கே இரண்டு உருக்குக் கம்பிகள், கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை ஒன்று தாண்டிப் போயின. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முனை ஒரு பக்கம் பாடியில் மாட்டியிருக்கும். மறுமுனை எதிர்ப்பக்கத்துக் கீலைத் தள்ளிக்கொண்டிருக்கும். டிக்கியை மூடினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். பூட்டைத் திறந்தால் முறுக்கு அவிழ்ந்து கதவை மேலே தூக்கும். இதுதான் டார்ஷன் பார். எத்தனை டிகிரி முறுக்குகிறோமோ அத்தனைக்குத் தக்க விசை கிடைக்கும். அதாவது நம்ம இரண்டு மார்க்கேதான், இழுப்பதற்குப் பதில் முறுக்கியிருக்கிறார்கள். அந்தக் காரில் ஒரு கம்பி துருப்பிடித்து ஒடிந்திருந்தது. இன்னொன்று தளர்ந்து போயிருந்தது.

அந்த மாடலுக்குப் புதுக் கம்பி எங்கேயும் கிடைக்கவில்லை. அதே தடிமனில் வேறு கம்பி வளைத்துப் போடலாமே என்று கேட்டேன். மேஸ்திரி அண்ணன் சிரித்தார். காரணம் பிறகு புத்தகத்தில் பார்த்தேன். வட்டக் கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நாலாவது படியில் போகிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கையில் அகப்பட்ட கம்பியை வளைத்துப் போடும் வேலை இல்லை அது. ஆகவே இரண்டு கம்பியையும் கழற்றிவிட்டு, பின்கதவுக் கார்களில் வருகிற கேஸ் ஸ்ட்ரட் போடுவது என்று முடிவு செய்தார். பட்டறையில் அதற்கு டிக்கி ஷாக் என்று பேர். எத்தனை நியூட்டன் வேண்டும் என்று கணக்குப் போடும் வேலையை, டிப்ளமோ படிக்கிற பையன் என்று என்னிடம் கொடுத்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் தராசில் வைத்தோம்: 14 கிலோ. பாதி திறந்த நிலையில் கீலிலிருந்து எடை மையம் கிடைமட்டமாக 40 செ.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 55 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட்டின் கோட்டுக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 8 செ.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட 690 நியூட்டன். 700 என்று எழுதிக் கொடுத்தேன். சேலத்துக்குப் போய் 700 நியூட்டன் ஸ்ட்ரட் இரண்டு வாங்கி வந்தார்கள். அண்ணன் ஒன்றின் ராடைத் தரையில் ஊன்றி, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, இது ரொம்ப முரடு தம்பி என்றார். நான் பேப்பரைக் காட்டினேன். மாட்டினோம். மூடும்போதே இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து அமுக்க வேண்டியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பூட்டைத் திறந்தேன், கதவு பறந்து வந்து தாடையில் மோதியது. கீல் அருகே தகடும் வளைந்துபோனது. 700 என்பது இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் சேர்த்து. ஒன்றுக்கு 350. இரண்டால் வகுக்க மறந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி தாடையில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் இந்த ஹூக் யார் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஆச்சரியம். நாங்கள் கழற்றிய கம்பிக்குள் இருந்ததும் அவர்தான், அதற்குப் பதிலாக மாட்டிய ஸ்ட்ரட்டுக்குள்ளும் பாதி அவர்தான்.

ராபர்ட் ஹூக் 1635ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி இங்கிலாந்தின் தெற்கே ஒயிட் தீவில் பிரெஷ்வாட்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜான் ஹூக் அந்த ஊர்ச் சர்ச்சில் உதவிக் குரு. பையன் நோஞ்சான். பிழைப்பானோ மாட்டானோ என்று வீட்டில் பயந்தார்கள். தலைவலி வரும் என்று படிக்கக்கூட வற்புறுத்தவில்லை. தனியாக விட்டதும் அவன் கைவேலையில் இறங்கிவிட்டான். பழைய பித்தளைக் கடிகாரம் ஒன்று பிரித்துக் கிடந்ததைப் பார்த்து, மரத்திலேயே அதே மாதிரி செய்தான். அது ஓடவும் ஓடியது. பொம்மைக் கப்பல் செய்து, அதில் சுடுகிற குட்டிப் பீரங்கியும் வைத்தான்.

1648இல் அப்பா இறந்தார். ஹூக்குக்கு வயது 13. கைக்கு வந்தது சுமார் 40 பவுண்டு. லண்டனுக்கு வந்து, பீட்டர் லெலி என்ற பெரிய ஓவியரிடம் கொஞ்ச நாள் வேலை பழகினார். பிடிக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தலைமையாசிரியர் ரிச்சர்ட் பஸ்பி பையனின் திறமையைக் கண்டு வளர்த்துவிட்டார். யூக்ளிட் வடிவியலின் முதல் ஆறு புத்தகங்களை ஒரே வாரத்தில் முடித்தார் என்று அவரைத் தெரிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு யூனிட் முடிக்கவே ஒரு மாதம் ஆகிறது, அதை விடுங்கள். 1653 வாக்கில் ஆக்ஸ்போர்டு போனார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். இவர் பாடகர் குழுவில் இடம் பிடித்துக்கொண்டும், பெரியவர்களுக்குக் கையாளாக வேலை செய்தும் படித்தார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். ஹாஸ்டல் மெஸ்ஸில் எந்தக் கையில் ஸ்பூன் பிடிப்பது என்று பக்கத்துப் பையனைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவன் நான்.

ஆக்ஸ்போர்டில்தான் ராபர்ட் பாயில் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். கார்க் பிரபுவின் மகன், கொள்ளைப் பணம். ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் கெரிக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்பு செய்த செய்தி அப்போது வந்திருந்தது. அதைவிட நல்லதாக ஒன்று வேண்டும் என்று பாயில் ஆசைப்பட்டார். லண்டன் கருவிக்காரர் ஒருவர் முயன்று பார்த்தும் சரிவரவில்லை. 1659இல் ஹூக் செய்து முடித்தார். மேலே பெரிய கண்ணாடிக் குடம், கீழே பித்தளை சிலிண்டர், பிஸ்டனை ஏற்றி இறக்கக் கைப்பிடியோடு ரேக்கும் பினியனும். நாம் ஸ்டியரிங்கில் படிக்கிறோமே, அதே ரேக் அண்ட் பினியன்! பம்பு செய்ததும் அவர், பழுது வந்தால் சரிபார்ப்பதும் அவர், பரிசோதனையில் பக்கத்தில் நின்றதும் அவர். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1662இல் வெளிவந்ததுதான் பாயில் விதி. வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் கனஅளவு குறையக் குறைய அழுத்தம் ஏறும். பாயிலைக் குறை சொல்லக் கூடாது. தன் புத்தகத்தில் ஹூக் பெயரை மறைக்காமல் எழுதினார். இருந்தாலும் விதிக்கு ஓனர் பேர்தான் வந்தது, கிளீனர் பேர் வரவில்லை. இது என் அபிப்பிராயம்.

இப்போது ஸ்ட்ரட்டுக்குள் போவோம். மூடிய குழாய், உள்ளே அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் ஆயில். பிஸ்டனில் சின்ன ஓட்டை இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். அப்படியானால் ராடை எது வெளியே தள்ளுகிறது? ராடின் குறுக்குவெட்டுப் பரப்பு இருக்கிறதே, அந்த அளவுக்கு மட்டும் வாயு தள்ளுகிறது. எங்களுடைய ராடு 8 மி.மீ. விட்டம், பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. 350 நியூட்டன் வர வேண்டுமானால் உள்ளே ஏறக்குறைய 70 பார் இருக்க வேண்டும். லாரி டயர் காற்றைப்போல் பத்து மடங்கு, நம் விரல் தடிமன் குழாய்க்குள்! அதனால்தான் பழைய ஸ்ட்ரட்டை அறுக்காதே, கேஸ் கட்டிங் பக்கம் கொண்டுபோகாதே என்று அண்ணன் திட்டினார். டிக்கியை மூடும்போது ராடு உள்ளே போகும். அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவுக்கு வாயுவுக்கு இடம் குறையும். பாயில் விதிப்படி அழுத்தம் ஏறும். முழுக்க மூடும்போது விசை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடிவிடுகிறது. சேலத்து ஏப்ரல் வெயிலில் இன்னும் கொஞ்சம் முரடாகும், மார்கழியில் கொஞ்சம் தளரும்.

ஹூக் கதைக்கு வருகிறேன். 1662 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டி அவரைப் பரிசோதனைப் பொறுப்பாளராக நியமித்தது. ஒவ்வொரு வாரக் கூட்டத்துக்கும் மூன்று நான்கு புதுப் பரிசோதனை செய்துகாட்ட வேண்டும். நினைத்துப் பாருங்கள், நமக்கு வாரத்துக்கு ஒரு லேப், அதுவும் மேனுவல் பார்த்து. இவர் வருஷக்கணக்கில் இதைச் செய்தார். ஆரம்பத்தில் சம்பளம் கிடையாது. 1664இல் சர் ஜான் கட்லர் என்ற பெரிய வியாபாரி, ஹூக் தொழில்நுட்பச் சொற்பொழிவுகள் ஆற்றினால் வருஷம் 50 பவுண்டு தருவதாக ஒத்துக்கொண்டார். அவர் 50 தருகிறாரே என்று சொசைட்டி தன் பங்கை 30 பவுண்டாக வைத்துக்கொண்டது. கட்லரோ பணத்தை ஒழுங்காகத் தரவில்லை. சொற்பொழிவு நடந்தது, காசு வரவில்லை. வருஷம் போய்க்கொண்டே இருந்தது. ஹூக் கோர்ட்டுக்குப் போனார். 1693இல் கட்லரே செத்துப்போனார். 1696இல்தான் ஹூக் பக்கம் தீர்ப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 61. ஒரு ஓனர் எங்கப்பாவுக்கு நாலு டிரிப் படி பாக்கி வைத்துவிட்டு இன்று நாளை என்று ஒரு வருஷம் இழுத்தடித்தார். அப்பா கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை, விட்டுவிட்டார். இந்த கட்லர் சங்கதியை அப்பாவிடம் சொன்னபோது ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்தாரா என்று மட்டும் கேட்டார்.

இடையில் அவர் செய்த காரியங்களை எண்ணி முடியாது. 1665இல் மைக்ரோகிராஃபியா என்ற புத்தகம் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்த தெள்ளுப்பூச்சியைப் பெரிய மடிப்புத் தாளில் அவரே வரைந்திருந்தார். லெலியிடம் பழகியது வீண் போகவில்லை. தக்கையைச் சீவிப் பார்த்து, அதில் தெரிந்த சிறு அறைகளுக்கு செல் என்று பெயர் வைத்ததும் அந்தப் புத்தகத்தில்தான். அதே ஆண்டு கிரெஷாம் கல்லூரியில் வடிவியல் பேராசிரியர் ஆனார். 1666 செப்டம்பரில் லண்டன் பற்றி எரிந்தது. 13,000க்கும் மேல் வீடுகள் போயின. நகரத்தைத் திரும்பக் கட்ட சர்வேயராகத் தெருத்தெருவாக நடந்து, யார் மனை எது என்று அளந்து முளை அடித்தவர்களில் இவர் முக்கியமானவர். தீயின் நினைவாக நிற்கும் 202 அடித் தூண் இவரும் கிறிஸ்டபர் ரென்னும் சேர்ந்து கட்டியது.

1670களில் இரண்டு தண்டுகள் கோணத்தில் சேரும் இடத்தில் சுழற்சியைக் கடத்தும் ஜாயின்ட்டைப் பற்றி எழுதினார். அப்படிப்பட்ட அமைப்பு அவருக்கு முன்பே பேச்சில் இருந்ததுதான். ஆனால் சுழற்சி எப்படிக் கடத்தப்படுகிறது என்று ஆராய்ந்து எழுதியவர் இவர். அதனால் இன்றும் ஹூக்ஸ் ஜாயின்ட். நம்ம லாரிக்காரர்கள் பாஷையில் யூ.ஜே. கிராஸ். எங்கப்பா தொப்பூர் கணவாயில் மழையில் படுத்துக்கொண்டு மாற்றியிருக்கிறார், ஹூக் பேர் தெரியாமலே.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருவோம். அதில் அவர் நடந்துகொண்ட விதம் விசித்திரம். விதியைக் கண்டுபிடித்தவர் அதை வெளியே சொல்லவில்லை. 1676இல் ஒரு புத்தகத்தின் கடைசியில், லத்தீன் வாக்கியம் ஒன்றின் பதினாலு எழுத்துகளையும் கலைத்து, அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார். பார்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. வேறொருவன் நாளை கண்டுபிடித்தால், எனக்கு முன்பே தெரியும் என்று காட்டலாம். 1678இல்தான் ஸ்பிரிங் பற்றிய சொற்பொழிவை அச்சிட்டு விடையை அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ விசை அவ்வளவு. பதினெட்டு வருஷம் முன்பே தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். அது காசு வராத அந்தக் கட்லர் சொற்பொழிவு வரிசையில்தான் வந்தது என்பதையும் கவனியுங்கள். சோதனை நாமும் செய்யக்கூடியதுதான். சுருள்கம்பியில் தட்டு மாட்டி ஒவ்வொரு எடையாக வைத்து நீளம் அளப்பது, இருபது, முப்பது, நாற்பது அடிக் கம்பியை உயரத்திலிருந்து தொங்கவிட்டு எடை ஏற்றுவது, மரச்சட்டத்தை வளைப்பது. எல்லாவற்றிலும் அதே விகிதம்.

ஏன் ஒளித்தார்? எங்கள் பட்டறை அண்ணனும் கமான் பட்டை செட் பண்ணும்போது யாரையாவது டீ வாங்க அனுப்பிவிட்டுத்தான் முக்கியமான தட்டைத் தட்டுவார். தொழில் தெரிந்தவனுக்கு அது ஒன்றுதான் சொத்து. ஆனால் ஹூக்குக்கு அந்தக் குணம் வினையாகவே முடிந்தது. கடிகார ஸ்பிரிங் யார் முதலில் செய்தது என்று ஹைகன்ஸோடு சண்டை. ஒளியைப் பற்றி 1672இல் நியூட்டனோடு தகராறு. கோள்களை இழுக்கும் விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற யோசனையை 1679, 80இல் நியூட்டனுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். 1687இல் நியூட்டனின் பிரின்சிப்பியா வந்தபோது தனக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று ஆத்திரப்பட்டார். நியாயமாகச் சொன்னால், யோசனை சொல்வது வேறு, அதைக் கணக்கால் நிரூபிப்பது வேறு. நிரூபித்தது நியூட்டன். கணக்கை அரைகுறையாகப் போட்டால் என்ன ஆகும் என்று என் தாடைக்குத் தெரியும்.

கடைசி வருஷங்களில் முதுகு கூனி, உடம்பு மெலிந்து, கண்ணும் மங்கி, கிரெஷாம் கல்லூரி அறையிலேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1703 மார்ச் 3இல் இறந்தார். அறையில் இருந்த பெட்டியைத் திறந்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு. பெரும்பாலும் சர்வே வேலையில் வந்த காசு. செலவழிக்க மனசே வரவில்லை போலிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். ஹூக்கின் படம் ஒன்று அங்கே இருந்ததாக, 1710இல் வந்துபோன ஜெர்மானியப் பயணி குறித்திருக்கிறார். பிறகு அது என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. இவர்தான் ஹூக் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் படம் இன்று ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையோடு நானும் படம் கொடுக்கவில்லை. புதைத்த சர்ச்சைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழுது பார்த்தபோது எலும்புகளை எடுத்து வேறிடத்தில் போட்டுவிட்டார்கள், கல்லறையும் இல்லை. 2006இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு அலமாரியில் அவர் கைப்பட எழுதிய 500க்கும் மேற்பட்ட பக்கங்கள் கிடைத்தன. சொசைட்டிக் கூட்டங்களின் குறிப்புகள். ஏலத்துக்குப் போகவிருந்ததை ராயல் சொசைட்டியே ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது. உயிரோடு இருந்தபோது வருஷத்துக்கு 30 பவுண்டு.

கார் கதையை முடித்துவிடுகிறேன். வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, கீலுக்குக் கீழே மூன்று மி.மீ. பட்டை வைத்து வெல்டு அடித்தோம். வெறும் தகட்டில் ஸ்ட்ரட்டை மாட்டினால் மறுபடி கிழிந்துவிடும். மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் கோடு கீலுக்குக் கிட்டத்தட்ட நேராக வருகிற மாதிரி அடி பிராக்கெட்டை அண்ணன் நகர்த்திக் கொடுத்தார். அப்போதுதான் மூடியிருக்கும்போது கதவை மேலே நெம்பாது. ராடு கீழ்ப்பக்கம் பார்க்க மாட்டினோம். அப்படி இருந்தால் ஆயில் இறங்கி சீலை ஈரமாக வைத்திருக்கும். இந்த முறை 350 நியூட்டன் இரண்டு. அமுக்கிப் பார்த்துச் சரி என்று அண்ணன் சொன்ன பிறகுதான் மாட்டினேன். முழங்கை உயரம் வரை தூக்கிவிட்டால் போதும், மிச்சத்துக்குத் தானாக மெதுவாக எழுந்து நிற்கிறது.

ஒடியாத டார்ஷன் பாரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஷோகேஸில் வைக்கலாம் என்று இருந்தேன். ஒரு வாரத்தில் அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அது லாரி கேபினில் இருக்கிறது. வண்டி எங்கே நின்றாலும் இறங்கி அதால் டயரைத் தட்டி, காற்று இறங்கியிருக்கிறதா என்று சத்தம் பார்க்கிறார்.